சிவப்புப் பெட்டியும் இரண்டு பேட்டரிக் கட்டைகளும்

9-11-1976, செவ்வாய்

காலை எட்டேகாலுக்கு மாப்பிள்ளையைப் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை என்றால் ஆஸ்பத்திரியின் சிவப்புத் தகரப் பெட்டி. மூச்சு நிற்கப் போகிறவர்களுக்கான சாமான்கள் அதற்குள் இருக்கின்றன: தொண்டையில் விடும் ரப்பர் குழாய்கள், காற்றை அமுக்கிச் செலுத்தும் பை, சளி உறிஞ்சக் காலால் மிதிக்கும் பம்பு, தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் லாரிங்கோஸ்கோப். இந்தக் கடைசிப் பெயர் எட்டாம் வகுப்பு படித்த அட்டெண்டர் அசரியாவின், அதாவது என் நாக்கில் படிய ஒரு வருஷம் பிடித்தது. அவசரத்தில் இன்றும் ‘தொண்டை லைட்’தான்.

தினமும் உபசாரம் கேட்பதால் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். ஆபரேஷன் தியேட்டர் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டில் மனைவி ஜெயசீலிக்கு மட்டும் பிடிக்கவில்லை. “பொண்ணுக்கு ஒரு மாப்ள பாக்க நேரமில்ல, தகரத்துக்கு மாப்ளயாம்” என்கிறாள். பெண் ஹில்டாவும் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜனவரியில் வேலை நிரந்தரமாக வேண்டும்.

லைட்டுக்கு இரண்டு பேட்டரிக் கட்டை. உள்ளேயே விட்டால் கசிந்து கைப்பிடி பாழாகிறது. கசியாவிட்டால் யாருடைய டிரான்சிஸ்டரிலோ போய்ப் பாடுகிறது. ஆகவே காலையில் ஸ்டோர் ஞானஜோதியிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். லைட்டில் போட்டு, எரிகிறதா பார்த்து, ரெஜிஸ்டரில் ‘சரி’ எழுதி, கட்டைகளைத் திரும்ப அலமாரியில் சேர்த்துவிடுவேன். ஆம்புலன்ஸ் வேன் கிளம்பும்போது ஓடிப்போய் வாங்கிப் போடுவதும் நான்தான். யோசனையும் என்னுடையதே. பெரிய டாக்டரம்மா கூட்டத்தில் வைத்து மெச்சினார். ஆறு மாதமாக ஒரு கட்டை காணாமல் போகவில்லை.

22-11-1976, திங்கள்

விடாத மழை. இரும்புலியூரில் எங்கள் வாசல்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. வேன் எங்கும் போக முடியவில்லை. அவசரம் என்றால் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து டாக்டரை ஏற்றிக்கொள்ளுமாம். பெட்டி தயாராக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை.

ஞானஜோதி, “உங்க மாப்ள பறக்கப் போறாராமே அண்ணா. மாமனார் நீங்க, எங்களையெல்லாம் மறந்துடாதீங்க” என்றான்.

பெட்டியைத் துடைத்து வைத்தேன். பளபள.

25-11-1976, வியாழன்

இரண்டு மணிக்கு அவசர அழைப்பு வந்தது. கேளம்பாக்கம் பக்கம் அயூப் என்கிற லாரி டிரைவர். பக்கத்து வீட்டுக்காரர்களை வெள்ளத்திலிருந்து தூக்கிவிட்டவர். அப்போது பாம்பு கடித்திருக்கிறது. கண் இமை தொங்கிவிட்டதாம், மூச்சு குறைகிறதாம். விஷமுறிவு மருந்து வேலை செய்கிற வரைக்கும் நாம்தான் மூச்சை ஓட்ட வேண்டும் என்று டாக்டர் சுந்தரராமன் சொல்லிக்கொண்டே ஓடினார். கூட ஹில்டா. பின்னால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான்.

மைதானத்தில் விசிறி சுற்றிய காற்றில் என் வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெலிகாப்டரைத் தொட்டேன். பெட்டியை மகள் கையில் கொடுத்தேன். “அப்பா, எல்லாம் சரியா?” என்று கத்தினாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். மேகத்தில் மறையும் வரை கை ஆட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு நர்ஸ்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்தால் ஞானஜோதி ஸ்டோர் வாசலில் நிற்கிறான். முகமே சரியில்லை.

“அண்ணா, கட்டைங்க வாங்கவே இல்லியே.”

அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

ஐந்து மணிக்கு ஹெலிகாப்டர் வந்தது. ஸ்ட்ரெச்சரை நடந்து கொண்டுவந்தார்கள். யாரும் ஓடவில்லை.

26-11-1976, வெள்ளி

ஹில்டா சொன்னது, அப்படியே: “ரெண்டு தடவ கொழாய் போட்டுப் பாத்தாருப்பா. லைட் எரியல. பைலட் டார்ச்ச வாங்கி அடிச்சேன், நாக்குதான் தெரியுது. அப்புறம் பையத்தான் அமுக்கிட்டே வந்தோம். ஒரே ஆட்டம். காத்து வயித்துக்குள்ள போவுது.”

என்னை ஒன்றும் கேட்கவில்லை. தியேட்டரில் வேலை பார்க்கிறவளுக்குக் கட்டை எங்கே இருக்கும் என்று தெரியாதா?

குழாய் போயிருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். “அத கேக்காதீங்க அசரியா” என்றார்.

இரவு தூக்கம் வந்தது. நன்றாகவே வந்தது.

27-11-1976, சனி

நாலு இட்லி சாப்பிட்டேன். ரெஜிஸ்டரைப் பார்த்தேன். 25-ஆம் தேதி, 8.15, சரி. கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

1-12-1976, புதன்

ஹில்டாவுக்கு மெமோ. பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஏறியது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஏறுகிற நர்ஸ் பார்க்க வேண்டும் என்பது விதி. என்னை யாரும் கேட்கவில்லை. ரெஜிஸ்டரில் ‘சரி’ இருக்கிறதே. கட்டைகள் அலமாரியிலேயே நின்றதைப் பற்றி ஞானஜோதியும் வாய் திறக்கவில்லை. எனக்காகத்தான்.

அவள் எழுதிய பதிலை மேஜையில் பார்த்தேன். ‘நான் பார்க்கத் தவறிவிட்டேன், மன்னிக்கவும்.’ அவ்வளவுதான்.

“இத குடுக்காதம்மா” என்றேன்.

“நான் தொறந்து பாத்திருக்கணும். அது உண்மதானே. விடுங்கப்பா.”

“வேல போயிடும்.”

“உங்களுக்குப் போனா மட்டும்?” என்றாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

பதிலைக் கொடுத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தேன் என்று எழுத இந்த நோட்டில் இடம் இருக்கிறது. ஆனால் தடுக்கவில்லை.

3-12-1976, வெள்ளி

மழை இல்லை. மாப்பிள்ளை என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

6-12-1976, திங்கள்

அயூபின் மனைவி ஷரீஃபா இறப்புச் சான்றிதழுக்கு வந்திருந்தார். ஆபீஸில் காக்க வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் என்னைக் கைகாட்டியிருக்க வேண்டும். எழுந்து வந்தார்.

“மழைல பொட்டிய தூக்கினு ஓடனது நீங்கதானாண்ணா?”

ஆமாம் என்றேன்.

“நீங்களும் எங்க வூட்டுக்காருக்காவ ஓடிகீறீங்க. உங்க பொண்ணு கை வலிக்க அமுக்கினே வந்துச்சாமே. நல்லா இருங்க எல்லாரும்.”

பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னேன். டீ வாங்கி வந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். இதுதான் நான் பேசியது. சர்க்கரை போதுமா.

7-12-1976, செவ்வாய்

ஒரு முழுத்தாள் எழுதினேன். பெரிய டாக்டரம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் எரிந்தது உண்மை, எட்டரைக்குப் பெட்டிக்குள் கட்டை இல்லை என்பதும் உண்மை, தினமும் அப்படித்தான், அன்று போட மறந்தவன் நான், ‘சரி’ என்று விரல் காட்டியவனும் நான்.

இரண்டு தடவை படித்தார். “இந்த ஏற்பாட்ட நான்தானே பாராட்டினேன்” என்றார், மெல்ல. எட்டாம் வகுப்பு எழுத்தில் பிழை இருக்கும், மன்னிக்கவும் என்றேன். பிழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயசீலிக்கு இன்னும் சொல்லவில்லை. முருங்கைக்காய் சாம்பார்.

15-12-1976, புதன்

வேலையை விட்டு அனுப்பவில்லை. தியேட்டர் வேண்டாம், சலவைக் கூடம் என்று உத்தரவு. பதினேழு வருஷ தியேட்டர். ஹில்டாவின் பதிலைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்களாம். இனிமேல் கட்டைகள் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும், கசிந்தாலும் சரி, வாரம் ஒரு முறை புதுசு. காலையில் நர்ஸும் அட்டெண்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் ஹில்டா, “ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” என்றாள். நீ மட்டும் சொல்லிவிட்டா எழுதினாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அன்று என்னோடு சாப்பிடவில்லை, அம்மாவோடு சாப்பிட்டாள்.

25-12-1976, சனி

கோயிலுக்குப் போய் வந்தோம். பிரியாணி. ஹில்டா எனக்குப் பரிமாறினாள்.

10-1-1977, திங்கள்

ஹில்டாவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

சலவைக் கூடத்தில் ஒரே ஆவி. போர்வைகள் என்னை எதுவும் கேட்பதில்லை, நல்ல ஜனங்கள். எட்டேகாலுக்கு மட்டும் கை தன்னால் எழுந்து எதையோ தேடுகிறது. பிறகு போர்வைக்கே திரும்பிவிடுகிறது.

இன்று அந்த நேரத்துக்கு ஜன்னலில் யாரோ தட்டினார்கள். ஹில்டா. கையில் தொண்டை லைட். அதன் மடிந்த தகட்டை விரித்து என் பக்கம் காட்டினாள். வெயிலில் சரியாகத் தெரியவில்லை. கிட்டே போய், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.

எரிந்தது.

விரலைத் தூக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். போய்விட்டாள்.