கறுப்பு டேப் ஒட்டிய பொத்தான்

அன்பு மகள் ஃபென்னாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் கேலமும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அப்பா, நான், மீன்தொட்டியிலிருக்கும் பவளங்கள், அந்த ஒற்றைக் கோமாளி மீன் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். கடல் தாண்டி இருந்தாலும் வாராவாரம் போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று பயந்துவிடாதே. போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று திருத்துகிறார், அவர் காதுபட எதைச் சொல்வது? பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்து அவர் கைகாலை நீட்டி மடக்கும் நேரம்தான் எனக்கு வெளியே மூச்சுவிடக் கிடைப்பது. துறைமுகத்துக்குப் பக்கத்து ரொட்டிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை பக்கவாட்டில் அடிக்கிறது, காற்று ஆளைத் தள்ளுகிறது, நம் எம்டன் ஊர் எப்போதும்போலத்தான் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, மலச்சிக்கல் வந்தால் உலர்ந்த பிளம்ஸ் பழத்தை இரவே ஊறவைத்துத் தின்னு. குழந்தை அறைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று ஏணியில் ஏறினாயாமே, கேலமுக்குக் கை இல்லையா? அப்பாவின் நடுக்கம் இந்தக் குளிர்காலத்தில் இடது கைக்கும் வந்துவிட்டது. கோப்பையிலிருக்கும் தேநீர் பாதி தட்டில்தான். சட்டைப் பொத்தான் நான் போட வேண்டும், ரொட்டிக்கு வெண்ணெய் நான் தடவ வேண்டும், அதற்கெல்லாம் நான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கழிப்பறைக் கதவைச் சாத்தினால்கூட உடனே "ஹில்கே, எங்க இருக்க?" என்று குரல் வந்துவிடுகிறது. இந்த வீட்டில் நான் எங்கே போய்விட முடியும், சொல். ஆவ்ரிக்கிலிருந்து உன் அத்தை வந்தாள், கேக்கைத் தின்றாள், "உன் பொறுமை யாருக்குடி வரும்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காரேறிப் போய்விட்டாள். பொறுமையாம்! வெளியே போக வழியில்லாதவளுக்கு வைத்த நல்ல பெயர்.

சரி, விளக்குக் கதைக்கு வருகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. தொட்டிக்கு மேலே இருந்த பழைய குழல் விளக்கு இலையுதிர் காலத்தில் செத்துப்போனது. அந்த மாதிரிக் குழல்களை இப்போது கடையில் விற்பதே இல்லை. எல்இடி விளக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். "முப்பது வருஷம் கப்பலுக்கே கரண்ட் குடுத்தவன் அறுபது லிட்டர் தொட்டிக்குப் போய் விளக்கு வாங்கணுமா? நாமளே செய்யலாம்" என்றார். நாமளே என்றால் யார்? மூளை அவருடையது, கை என்னுடையது. சாப்பாட்டு மேசை முழுக்கக் கம்பி, பிசின், பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய அலுமினியப் பாளம். விரல் நக அளவுள்ள எல்இடிகளை, நீலத்துக்கு நடுவே ஆங்காங்கே வெள்ளை என்று, அந்தப் பாளத்தில் சூடு கடத்தும் பசையைத் தடவி ஒட்டினேன். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பி வைத்து ஈயம் பற்றவைக்க வேண்டும். முதல் நாளே கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். "அடியே, கூட்டல் குறி எந்தப் பக்கம்னு பாத்து வையி, ஒண்ணத் திருப்பி வெச்சாலும் மொத்த வரிசையும் இருட்டுதான்" என்று நாற்காலியிலிருந்து கத்துவார். "கண்ணு தெரியுது எனக்கு, நீ கொஞ்சம் வாய மூடு" என்று நான் கத்துவேன். சொன்னால் நம்பமாட்டாய், சிரித்துக்கொண்டும்தான் இருந்தோம். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி ஒன்றை மட்டும் வெளியில் வாங்கினார். அதன் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. "அதுமேல கறுப்பு டேப்ப நல்லா ரெண்டு சுத்து ஒட்டிடு, உப்புத் தண்ணி தெறிச்சா பெட்டி போச்சு" என்றார். நான் ஒட்டினேன், ஓரமெல்லாம் நகத்தால் நீவிவிட்டு.

விளக்கு எரிந்த அன்று எனக்கே கண் கலங்கிவிட்டது. நீ படிக்கும் காலத்தில் துண்டாகக் கொண்டுவந்தாயே அந்த ஊதாப் பவளம், இத்தனை வருஷம் அழுக்காய்த் தெரிந்தது, நீல ஒளியில் நுனியெல்லாம் பச்சையாக மின்னியது. அப்போதுதான் உன் அப்பா மெல்ல ஆரம்பித்தார். மங்கல் வெளிச்சத்தில் வளர்ந்ததை ஒரேயடியாகப் பளீரென்று காட்டினால் நிறத்தைக் கக்கிவிட்டு வெள்ளையாகிச் செத்துவிடுமாம். அது உண்மைதான், எனக்கும் தெரியும், நீல ஒளி எவ்வளவு கடுமையானது என்பது நம் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் கால்பங்கில் தொடங்கி, வாராவாரம் பவளத்தைப் பார்த்துப் பார்த்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெட்டியின் குமிழைத் திருப்ப வேண்டும், அவர் கை குமிழில் நிற்காது, ஆக நான்தான் திருப்ப வேண்டும், மே மாதம்வரை. உனக்குப் பிரசவம் மார்ச்சில். "போகணும்னா போ ஹில்கே, நான் தடுக்கல. ஃபென்னா குடுத்த பவளம், செத்தா அவகிட்ட நீயே சொல்லிக்கோ" என்றார். பிரசவத்துக்கு வர முடியாது என்று ஜனவரியில் வீடியோவில் நான் உன்னிடம் சொன்னது இதனால்தான். "பரவாயில்லம்மா" என்றாய், சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் பார்த்தேன் ஃபென்னா. அன்றிலிருந்து அந்தக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் என் சிறைக் கதவை நானே சாவி போட்டுப் பூட்டுவதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மாலை நாலு மணிக்கே இருட்டு, உள்ளே சுவரெல்லாம் நீலம், தண்ணீர் ஓடும் சத்தம், நடுவில் நான்.

மீன்தொட்டிச் சங்கத்து ஒக்கோ சனிக்கிழமை வந்தான், ஊதாப் பவளத்தில் விரலளவு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போக. ஒருவர் தொட்டியில் செத்தாலும் இன்னொருவரிடம் இருக்கட்டும் என்று இவர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வதுதான் உனக்குத் தெரியுமே. அவன் விளக்கை அண்ணாந்து பார்த்து, பற்றவைத்தது யார், ரொம்ப சுத்தமாக இருக்கிறதே என்று என்னைப் பாராட்டினான், நானும் பெருமையில் பூரித்துப்போனேன். பிறகு பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு டேப்பு?" என்று உரித்துவிட்டான். "இத அழுத்தி எத்தன வாரம்னு குடுத்துட்டா தினமும் துளித் துளியா வெளிச்சத்த அதுவே ஏத்திக்குமே. கையால எதுக்குத் திருப்புறீங்க? போன வருஷம் எனக்கே ஹாபோதானே சொல்லிக் குடுத்தாரு" என்று உன் அப்பாவைக் காட்டினான். உன் அப்பா மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிறுக்கன் அதோடு விட்டானா, "இந்த வீட்ல செத்தாத்தான் என்ன, இந்த ஊதாப் பவளம் நாலு பேர்கிட்ட இருக்கே" என்றும் சேர்த்துச் சொன்னான். பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தான். நம் ஊர் மரியாதைக்கான மூன்றாவது கோப்பை தேநீர்கூடக் குடிக்காமல், போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்துவிட்டான், அவன் ஜென்மத்தில் அப்படிச் செய்தவனில்லை.

கதவைச் சாத்தியதும் நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும். "போகாதேன்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, என்னக் கட்டிப்போட என் கையாலேயே டேப்பு ஒட்ட வெச்சியே, நீயெல்லாம் மனுஷனா" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. "சொல்லியிருந்தா நீ போயிருப்ப" என்றார். பிறகு, "போனா திரும்பி வருவியா ஹில்கே?" என்று கேட்டார்.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், கேலமிடம்கூடப் படித்துக்காட்டாதே. பைத்தியமா உனக்கு, வராமல் எங்கே போவேன் என்று நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. நீ வீடியோவில் காட்டினாயே, எனக்கென்று ஒதுக்கிய அந்தப் பின்கட்டு அறை, ஜன்னலில் எலுமிச்சை மரம், அது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு காலைப்பொழுது. வருவேன் என்று சொன்னேன்தான், கோப்பைகளை எல்லாம் அடுக்கி எடுத்த பிறகு சொன்னேன். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்த மனுஷனுக்கு அந்த இடைவெளி தெரியாதா? தெரிந்துவிட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் என்மேல் திரும்பிவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது அவர் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். நான் குனிந்ததும், "விடு, நானே அழுத்துறேன்" என்றார். விரல் பொத்தானில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது, வாரக் கணக்கு கூடிப் போயிற்று, குறைந்து போயிற்று, மறுபடி முதலிலிருந்து. நான் கையை ஏப்ரன் பைக்குள் விட்டு இறுக்கிக்கொண்டு நின்றேன், உதவி செய்யாமல் நிற்பது இவ்வளவு கஷ்டமென்று எனக்குத் தெரியாது. கடைசியில் பன்னிரண்டு வாரம் என்று விழுந்துவிட்டது. "ம், இனி அது பாத்துக்கும். மீனுக்கு ஒக்கோ வந்து தீனி போடட்டும். என்னைய இங்க முதியோர் இல்லத்துல ஆறு வாரம் விட்டுட்டுப் போ. சூப்பு தண்ணியாத்தான் இருக்கும், இருக்கட்டும். புள்ள எப்படி இருக்குன்னு வந்து சொல்லு" என்றார். முந்தின நாள் கேட்டதை மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சத்தியம் செய்துகொடுத்திருப்பேன்.

இல்லத்தில் தோட்டத்துப் பக்கம் அறை கிடைத்துவிட்டது, நேற்று டிக்கெட்டும் போட்டாயிற்று. மார்ச் முதல் வாரம் வருகிறேன், ஏப்ரல் நடுவில் திரும்புகிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும் இருக்கிறது, ராத்திரியெல்லாம் பயணப் பெட்டியில் எதை எடுத்துவைப்பது என்றே புத்தி ஓடுகிறது. ஆனால் இதுநாள்வரை திட்டுவதற்கு ஒரு பூட்டாவது இருந்தது. இப்போது அவரே கதவைத் திறந்துவிட்டார், திரும்பி வருவது முழுக்க முழுக்க என் கையில் வந்துவிட்டது, அந்தக் கையை நான் நம்பவில்லை. உனக்குத் தேயிலையும் கட்டிச் சர்க்கரையும் கொண்டுவருகிறேன், வேறென்ன வேண்டுமென்று போனில் சொல். பிசியோதெரபி பெண் கிளம்பும் நேரமாகிவிட்டது, நான் ஓட வேண்டும்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்திரு, என் கண்ணே. பிள்ளை உன் அப்பாவின் பிடிவாதமில்லாமல், உன் சிரிப்போடு பிறக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அங்கே வந்தபின் நான் எவ்வளவு சிரித்தாலும், பிள்ளையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாலும், கிளம்பும் நாளில் அழுதாலும், இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேம்மா என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. நீ சொன்னால் நான் இருந்துவிடுவேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
ஹில்கே