இரண்டாவது டர்போ

மார்ச் 18, திங்கள்

ரேஸ் ஓட்டும் நிரஞ்சன் அண்ணனின் வெள்ளைக் கார் மறுபடியும் கராஜ் வாசலில். நான்கு மாதம் கழற்றி, கழுவி, நானே பூட்டிய எஞ்சின். ஹட்டன் பக்கம் இரட்டை டர்போவைத் தொட்டவள் நான் ஒருத்திதான் என்று கொஞ்சம் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையில் மண் விழுந்தது. மேடு ஏறும்போது இரண்டாவது டர்போ வேலையே செய்வதில்லையாம்.

"ஏப்ரல் இருவத்தொண்ணு ரேஸ், பிரேமினி. அஞ்சாந்தேதிக்குள்ள சரிவரலன்னா ரெண்டையும் கழட்டிட்டு கொழும்புல பெருசா ஒண்ணு போட்டுக்கிறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 20

கைப்பம்பால் காற்று அடித்தால் இரண்டாவது டர்போவின் வால்வு அழகாகத் திறக்கிறது. ரோட்டில் மட்டும் மாட்டேன் என்கிறது. பேய் கீய் பிடிச்சிருக்கா?

மார்ச் 24, ஞாயிறு

"ஒரு வண்டிக்கு எதுக்குடி ரெண்டு?" என்று அம்மா கேட்டார். சோறு ஆறும்வரை விளக்கினேன். எஞ்சின் விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும். காற்று கூடினால் பெற்றோலும் கூட எரியும், இழுவையும் கூடும். எங்கள் மலையில் காற்றே மெலிசு, டர்போ இல்லாத கார்களுக்கு மூச்சு வாங்கும்.

பெரிய டர்போ ஒன்று மட்டும் இருந்தால், வேகம் எடுக்கும்வரை தூங்கும். சின்னது உடனே எழும்பும், ஆனால் வேகத்தில் மூச்சுவிட முடியாமல் திணறும். அதனால் இந்தக் காரில் வளைவிலிருந்து கிளம்ப ஒன்று. எஞ்சின் நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் வால்வு திறந்து, புகை இரண்டாவதற்கும் போகும். பிறகு இரண்டும் சேர்ந்து இழுக்கும்.

அம்மா இருபத்தெட்டு வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். "அப்ப ஒன் ரெண்டாவது ஆளு காலையில பெரட்டுல பேரு குடுத்துட்டு மலைக்கு வேலைக்கு வரல. அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவேதான்! சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 3, புதன்

பேர் பதியும் பெரட்டுக்கும் வேலை நடக்கும் மலைக்கும் என்ன வித்தியாசம்? காலையிலிருந்து இதே கேள்வி. கராஜில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது. மேட்டில் கொதிக்கிறது. சூடு!

கராஜ் முதலாளி மஃறூப் நானாவை இழுத்துக்கொண்டு மஸ்கெலியா ரோட்டில் ஏறினோம். அவர் ஓட்டினார். நல்ல மேட்டில் நிறுத்தி, சூட்டோடு பொனற்றைத் திறந்து, வால்வைத் திறக்கக் காற்று கொண்டுபோகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவினேன். ஒன்று மட்டும் சூட்டில் இடியப்பம் மாதிரி துவண்டு, மடிந்து அடைத்துக் கிடந்தது. மேலே கறுப்பு டேப். டேப்பை உரித்தேன். உள்ளே மஞ்சள்.

ஐயோ. தோட்டத்தில் புல்லைக் கொல்ல மருந்து அடிக்கிற டேங்க்குக் குழாய். பெப்ரவரியில் நல்ல குழாய் ஒரு முழம் குறைந்தது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று அந்த மருந்து அடிக்கிற வீரய்யா மாமாவிடம் வாங்கி வெட்டிப் போட்டது யாரு? நான்தான். மாத்தணும்னு மறந்து தொலைச்சது யாரு? அதுவும் நான்தான்! மண்டையில என்னடி இருக்கு ஒனக்கு?

ஏப்ரல் 4

"புதுக் குழாய போட்டுட்டு வாய மூடிக்கலாமே" என்று ஒரு நிமிடம் தோன்றியது. முடியவில்லை. நிரஞ்சன் அண்ணனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டது, "அப்ப டர்போல பழுதில்லையே?"

"இல்லண்ணே. பழுது எங்கிட்டதான்."

"சரி, குழாய மாத்துங்க. நாளைக்கு வர்றேன்."

நானாதான் நாள் முழுக்க விடவில்லை. "ரோட்டு ஓரத்துப் புல்லு செத்துச்சா, பாத்தியா புள்ள?"

ஏப்ரல் 5, வெள்ளி

வந்திருச்சு! வந்திருச்சு! நாலாயிரம் தாண்டியதும் விசில் சத்தத்தோடு வந்திருச்சு! பக்கத்து சீட்டில் நான் போட்ட கூச்சலில் நிரஞ்சன் அண்ணன் பயந்துபோனார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இரண்டாம் இடம். போன வருடம் பதினொன்று. கடைசி வளைவில் முதல் டர்போ கிளப்பிவிட, நேர் ரோட்டில் பெரிய சத்தத்தோடு மற்றதும் சேர்ந்துகொண்டது. கூட்டம் காரைப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிறகு கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது, நாளை பேச்சு வராது.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் நிரஞ்சன் அண்ணன் காரை விட்டுவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். இதுவரை மஃறூப் நானாவைத் தவிர யாரையும் ஓட்டவிடாத மனுசன். "அடுத்த ரேஸ் வரைக்கும் ஒங்க பொறுப்பு. ஓட்டிப் பாத்து வைங்க."

அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். வெறும் ரோடு, நல்ல வெயில். இரண்டாவது டர்போ வந்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அம்மா "அடியே! முருகா!" என்று என் தொடையை இறுக்கிப் பிடித்தார். பயந்துபோய் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஏன் நிப்பாட்டுன? இன்னொருக்கா போடு."