ஓமும் ஓமோமும்

கந்தோர் முழுக்க நண்டு வாசம். கச்சாயிலிருந்து வந்த பெண்கள் அவித்த நண்டை என் மேசையில், வழக்குக் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாய்க் கால் ஒன்றை முறித்திருப்பாய். எனக்குச் சாப்பிட மனமில்லை.

கொழும்பில் பெரிய கம்பனிகளுக்கு ஒப்பந்தம் எழுதியவள் நீ. சாவகச்சேரிக்கு வந்து, நண்டு உடைக்கிற பெண்களுக்குக் கம்பனி தொடங்கப் போகிறேனென்று, காணி வழக்குப் பேசுகிற என் கந்தோரில் இருந்து வேலை செய்ய ஒரு கதிரை கேட்டபோது உனக்கு மண்டை பிசகிவிட்டதென்றே நினைத்தேன். "நண்டுக் கம்பனிக்கோ நீ சட்டத்தரணி?" என்று பகிடி பண்ணினேன். "ஏன், நண்டு உடைக்கிறவை கம்பனி நடத்தக் கூடாதோ?" என்று பாய்ந்தாய். நண்டுச் சதை எடுத்துக் கொடுக்கிற அந்தப் பெண்களையே பங்குக்காரர்களாக்கி ஒரு கம்பனியைப் பதிந்தும் விட்டாய்.

முதல் ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? நண்டு முழுவதையும் தனக்கே தர வேண்டும், வேறு எவருக்கும் விற்கக் கூடாது என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார் வியாபாரி. அந்தப் பெண்களிடம் வாங்க முன்வந்த ஒரேயொரு ஆள் அவர்தான். நீ வரி வரியாய் எங்கள் பேச்சில் வாசித்து, "விளங்குதோ?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாய். எல்லோரும் "ஓம்" என்றார்கள். அவர்களில் மலரக்கா மட்டும் "ஓமோம்" என்றார். நீ பேனையை மூடிவிட்டாய்.

"ஓம் எண்டால் சம்மதம். ஓமோம் எண்டால், உன்ரை கதையை நிப்பாட்டு எண்டு அர்த்தம். சொல்லுங்கோ அக்கா, என்ன பிரச்சினை?"

மலரக்கா தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "மாரியிலை உவர் வாங்க வராட்டில், நண்டை நாங்கள் ஆரிட்டைக் குடுக்கிறது?"

அவர் வாங்காத நாளில் யாருக்கும் விற்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாய். வியாபாரி கோபத்தோடு எழுந்து போய்விட்டார். "வந்த ஒரு ஆளையும் கலைச்சுப்போட்டாய்!" என்று நான் உன்மேல் சீறினேன். அடுத்த கிழமை அவரே திரும்பி வந்து, அந்த வரியோடு கையெழுத்து வைத்தார். நல்ல நண்டுக்கு அவருக்கும் வேறு போக்கிடம் இருக்கவில்லை.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து, "அடுத்த மாதம் கந்தோருக்கு வருவாய்தானே?" என்று கேட்டேன். "ஓமோம்" என்றாய். அதன் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

இன்று அவர்கள் புது வியாபாரியின் ஒப்பந்தத்தோடு வந்தார்கள். உன்னைப் போலவே வரி வரியாய் வாசிக்கத் தொடங்கினேன். மலரக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"நாங்கள் வாசிச்சிட்டம் தங்கச்சி. உவரும் வேறை ஆருக்கும் விக்கக் கூடாதெண்டுதான் எழுதியிருந்தவர். போனிலை கதைச்சு வெட்டுவிச்சுப்போட்டம். எல்லாம் சரியோ எண்டு நீங்கள் ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். திருத்த ஒன்றுமே இருக்கவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. உன் கதிரைப் பக்கம் திரும்பி, "எடியே, கேட்டியோ!" என்று கத்திவிட்டேன்.

கதிரை வெறுமையாய் இருந்தது. எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. மலரக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்களும் அவவுக்குச் சொல்லத்தான் தங்கச்சி வந்தனாங்கள்" என்றார்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நல்ல செய்தி எது வந்தாலும் என் வாய் இன்னும் முதலில் உன்னைத்தான் கூப்பிடுகிறது.