கீழ்த்தாடையில் மூன்று பல்

கோவை, 3.6.2024

மதிப்பிற்குரிய பாலகோபால் சாருக்கு, உங்கள் பழைய உதவியாளர் மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது.

போனை எடுக்க மாட்டீர்கள், அதனால் கடிதம். கல்லூரி அருங்காட்சியகத்தில் நீங்கள் காத்த எலும்புகளும் பறவைகளும் எங்கள் புது அறிவியல் மையத்துக்கு வந்துவிட்டன. பாதியை மேஜைமேல் வைக்கிறோம். வருபவர்கள் தொட்டுப் பார்க்கலாம். ஜூலை ஏழாம் தேதி திறப்பு விழா. நீங்கள் அவசியம் வர வேண்டும்.

மதிவதனி

மேட்டுப்பாளையம், 10.6.2024

அன்புள்ள மதிவதனிக்கு,

முப்பது வருஷம் ஒரு கைரேகை படாமல் காத்தேன். நீங்கள் பொருட்காட்சியாக்கிப்போட்டீர்கள். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிவதில் என்ன படிப்பு இருக்கிறது? என் செந்நாய் மண்டையோட்டையாவது கண்ணாடிக்குள் விடுங்கள். பர்லியாறு பக்கத்தில் நானே எடுத்து வந்தது. எனக்கு முட்டிவலி, விழாவுக்கு வருவதற்கில்லை.

பாலகோபால்

கோவை, 21.6.2024

சாருக்கு,

தயங்கித்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வருமுன்பே வெள்ளோட்டமாக ஒரு பள்ளி வகுப்பை அழைத்திருந்தோம், செந்நாயும் மேஜைமேல்தான் இருந்தது. ஹர்ஷிணி என்ற ஏழாம் வகுப்புப் பெண் உங்கள் செந்நாயின் தாடைக்குள் விரலை விட்டு, பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கப்படத்தைப் பார்த்தாள். "அக்கா, செந்நாய்க்குக் கீழே ஒரு பக்கத்துக்குப் பின்கடைவாய்ப்பல் ரெண்டுதான்னு இந்தப் படத்துல போட்டிருக்குதுங்க. இதுல மூணு இருக்குதுங்களே" என்றாள்.

2003இல் நானும் அதைத்தான் சொன்னேன். மூன்று இருந்தால் அது நாட்டு நாய். இரண்டா மூன்றா என்று நீங்கள் பார்க்கவேயில்லை. "ஏனுங்க அம்மணி, உங்களைத் தொடச் சொன்னது யாருங்க?" என்று மாணவர்கள் முன்னால் கேட்டீர்கள். அடுத்த மாதம் வேலையை விட்டேன். மரியாதை போலக் குத்திய அந்த 'ங்க' இன்றும் எனக்கு வலிக்கிறது சார்.

பெயர் அட்டை உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் எடுக்க மனசு வரவில்லை. என்ன எழுதட்டும்?

மதிவதனி

மேட்டுப்பாளையம், 29.6.2024

மதிவதனி அம்மணிக்கு,

நான்கு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன்.

அன்று எல்லாரும் போனபிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நானும் விரல் வைத்து எண்ணினேன். மூன்றுதான். செந்நாய் கொண்டுவந்தவன் என்று ஊரே என்னைச் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடி காப்பாற்றியது எலும்பை அல்ல, என்னைத்தான். நீங்கள் வேலையை விட்டபோதும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

புது அட்டை இத்துடன் இருக்கிறது:

"நாட்டு நாய். செந்நாய் என்று தவறாக எழுதியவர் பாலகோபால். சரியாக எண்ணியவர்கள் மதிவதனி, 2003, ஹர்ஷிணி, 2024."

ஏழாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மேடையில் நாற்காலி வேண்டாம். அந்த மேஜைக்குக் கூட்டிப்போங்கள். அன்று மாணவர்கள் முன்னால்தானே உங்களைக் கேட்டேன். மன்னிப்பையும் பிள்ளைகள் முன்னால்தான் கேட்க வேண்டும்.

பாலகோபால்