செருப்பை வெளியே விடும் கப்பல்

என் பிரியமான சேகர் அண்ணே,

உன் கப்பல் ஜெயித்துவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்க மாட்டாய்.

நேற்று பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் சென்டர் மாடியில் நம் விண்வெளிக்கதை ரசிகர் மன்றம் கூடியது. நீ போன பிறகு நான் போன முதல் கூட்டம். மன்றப் பத்திரிகை அட்டையில் யார் வரைந்த விண்கப்பலைப் போடுவது என்று பேச்சு. நீ வரைந்ததை நானே சுவரில் ஒட்டினேன்.

உன் கப்பலில் கவச உடைகள் வெளிச்சுவரில் தொங்குகின்றன. உள்ளிருந்தே அவற்றின் முதுகுக் கதவு வழியாக நுழைந்து கிளம்பலாம். திரும்பியதும் உடையை வெளியிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். வேற்றுக்கிரகப் புழுதி வாசலோடு சரி. பந்திங் எஸ்டேட் வேலை முடிந்து நீ செம்மண்ணோடு வீட்டுக்குள் ஏறியதற்கு அம்மா ஏசினாரே, அன்றுதானே இதை வரைந்தாய்? "வெளிய உடுப்பு தொங்குனா ஆளு வீட்ல இருக்கான்னு அர்த்தம்" என்றாய்.

நம் மன்றத்துச் செல்வம்தான் ஆரம்பித்தான். "கப்பல் நல்லாத்தான் இருக்கு. செருப்பு ஸ்டாண்டு மாதிரி வெளிய உடுப்பு தொங்குதே, அதை மட்டும் எடுத்துடலாம் லா. பாக்குறவங்க சிரிப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அதை எடுத்துவிட்டால் அது உன் கப்பலா? எழுந்துபோய் அறைக்கதவைத் திறந்தேன். வெளியே செருப்பும் ஷூவுமாகக் குவிந்து கிடந்தன.

"இதையெல்லாம் யாரு கழட்டச் சொன்னா? இங்க போர்டு இருக்கா?" என்றேன்.

எதற்கும் லேசில் தலையாட்டாத நம் தலைவர் பொன்னையா அங்கிள் தன் ஓட்டைக் காலுறையைக் குனிந்து பார்த்தார். "பிள்ளை சொல்லுறது சரி. வீடு எண்டால் அப்பிடித்தான். கப்பலும் வீடுதானே" என்றார். செல்வம்தான் முதலில் கை தூக்கினான். படம் அப்படியே அட்டைக்குப் போகிறது. அண்ணே, உன்னால் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

கிள்ளானில் நம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "என் ஏச்சுலயா கப்பல் வந்துச்சு?" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

உன் செருப்பு இன்னும் நம் வாசலில்தான் இருக்கிறது. கருமாதிதான் முடிந்துவிட்டதே, எடுத்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். யார் சொன்னாலும் எடுக்க விடமாட்டேன். அது வெளியே கிடக்கும்வரை நீ வீட்டில் இருக்கிறாய்.

உன் செருப்புக்குக் காவல் இருக்கும்
உன் தங்கச்சி மாலா