மஞ்சள் கோட்டைத் தாண்டிய வண்டி

மார்ச் 3, திங்கள்

ரோலர் கோஸ்டர் இன்றும் ஆட்கள் இறங்குமிடத்து மஞ்சள் கோட்டில் நிற்கவில்லை. ஒரு முழம் தாண்டித்தான் நின்றது. பட்டனை அழுத்துகிறவன் நான். ஏதாவது ஆனால் பிடிக்கப்போவதும் என் சட்டையைத்தான். மேலாளரிடம் சொன்னேன். "உன் மாமா கடைசி பிரேக்குக்குக் கட்டை மாத்தியிருக்க மாட்டாரு. வீட்ல கேளு" என்று சிரித்தார்.

அக்காவின் கணவர்தான் இங்கே மெக்கானிக். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மாற்றவில்லையா? போன வாரம் பூங்கா மூடிய பிறகும் ஸ்பேனரோடு தண்டவாளத்தில் ஏறிக்கொண்டிருந்தாரே, அது என்ன வேலை?

மார்ச் 4, செவ்வாய்

சாப்பிடும்போது கேட்டேன். "எல்லாம் புதுக் கட்டைதான்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. அவ்வளவுதான். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிற மனிதர் அவர்.

"சாப்பிடற நேரத்துல என்னடா போலீஸ் விசாரணை?" என்றாள் அக்கா. அவளுக்கும் தெரியுமோ?

மார்ச் 6, வியாழன்

பூங்காவைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா இன்று ஒரு கூடை நிறையச் செருப்போடு வந்தார். "தம்பி, ரெண்டாவது மேட்டுக்குக் கீழ செருப்புக் கடையே போடலாம். முன்னெல்லாம் ஒண்ணு ரெண்டுதான் விழும்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வண்டியில் எஞ்சின் கிடையாது. சங்கிலி முதல் மேட்டுக்கு இழுத்துவிடுகிறது. அந்த உயரம்தான் அதன் மொத்தச் சம்பளம். இறங்கும்போது உயரம் வேகமாகிறது, ஏறும்போது வேகம் உயரமாகிறது. வழியெல்லாம் காற்றும் சக்கரமும் பிரேக்கும் பிடித்தம் செய்கின்றன. மிச்சம்தான் கடைசியில் வந்து சேர்கிறது, எங்கள் சம்பளம் மாதிரி.

மேட்டின் உச்சியில் வேகம் கூடினால் உடம்பு இருக்கையை விட்டு எழும்பப் பார்க்கும். இடுப்புக் கம்பி ஆளைப் பிடித்துக்கொள்ளும், செருப்பை யார் பிடிப்பது? அப்படியென்றால் வண்டி இரண்டாவது மேட்டிலேயே வேகமாகப் போகிறது. கடைசி பிரேக் கட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சங்கிலி அதேதான், மேடும் அதேதான். சக்தி வானத்திலிருந்து குதிக்காது. முன்பு நடுவழியில் வேகத்தைத் தின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று இப்போது தின்னவில்லை. இரண்டாவது மேட்டுக்கு முன்னால் இருப்பது ஒன்றே ஒன்று. நடு பிரேக்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்ப முடியவில்லை. மேட்டில் எழும்பும் உடம்பைப் பள்ளம் அழுத்தும். வேகம் கொஞ்சம் கூடினாலே அந்த அழுத்தம் அதைவிட அதிகமாக ஏறும். தலையின் கனம் முழுக்கக் கழுத்தின் மேல். மேலாளர் அவளுக்கு ஒரு குளிர்பானம் கொடுத்து அனுப்பினார்.

மார்ச் 9, ஞாயிறு

மாமா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன்.

"நடு பிரேக்கைத் தளர்த்திட்டீங்க, இல்லையா?"

"யாரு சொன்னா?"

"செருப்பு."

ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "கூட்டம் குறையுதாம், வேகம் பத்தலையாம். கொஞ்சம் தளர்த்துன்னு மேலாளர் சொன்னாரு. எல்லாம் வாயால சொன்னதுதான், எழுத்துல எதுவும் இல்ல."

"இப்போ கட்டை மாத்தலன்னு உங்க தலையில கட்டப் பாக்கறாரு."

"தெரியும்."

தெரியுமாம். தெரிந்தும் தினமும் காலையில் குளித்துவிட்டு வேலைக்கு வருகிறார். அந்தப் பெண்ணின் கழுத்து முறிந்திருந்தால்? கேட்டேவிட்டேன். உள்ளேயிருந்து அக்கா வந்தாள். "அவருக்கு இந்த வேலை போச்சுன்னா, நீ சோறு போடுவியாடா?"

மார்ச் 10, திங்கள்

பட்டனை அழுத்தவில்லை.

வண்டி நிறைய ஆட்கள். பின்னால் வரிசை. மேலாளர் ஓடி வந்தார். "விடுடா வண்டிய." நடு பிரேக்கை இறுக்கினால் விடுகிறேன் என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. முன்வரிசைக்காரர் ஒருவர் இடுப்புக் கம்பியைத் தட்டினார். "தம்பி, முதல்ல எங்கள இறக்கி விடுப்பா. அப்புறம் சண்டை போடுங்க."

இறக்கிவிட்டேன். அப்போது மாமா ஸ்பேனரோடு வந்தார். நான் கூப்பிடவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. "மேல ஏறினா நாளைக்கு வரவேண்டாம்" என்றார் மேலாளர். மாமா ஏறிக்கொண்டேயிருந்தார்.

அவர் நடு பிரேக்கை இறுக்கிவிட்டு இறங்கியதும், காலைச் சோதனைக்கு வைக்கிற மணல் மூட்டைகளை ஏற்றி வண்டியை விட்டேன். கோட்டில் நின்றது.

மார்ச் 11, செவ்வாய்

மாமாவை அனுப்பிவிட்டார்கள். பட்டனை அழுத்த வேறு ஆள் கிடைக்கும்வரை நான் இருக்கலாமாம். அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் சோறு வைத்தாள்.

மார்ச் 24, திங்கள்

புது மெக்கானிக் வந்திருக்கிறான். என் வயதுதான் இருக்கும். மேலாளர் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தான். "அண்ணே, நடு பிரேக் எது?"

காட்டினேன். "எதுக்கு?"

"சும்மா."

"உனக்கு முன்னாடி இருந்தவர் எங்க மாமா. பிரேக்கைத் தளர்த்துன்னு அவர்கிட்ட சொன்னது வாயாலதான், வேலைக்கு வரவேண்டாம்னு சொன்னதும் வாயாலதான். அதையும் கேட்டு வச்சுக்கோ."

என்னையே உற்றுப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, சாத்தியிருந்த கதவையும் அப்படியே பார்த்தான்.