பின்னால் இருந்த கை

பிப்ரவரி 3, திங்கள்
நாமக்கல் மாவட்டமே கூடி நின்று சத்தியம் செய்தாலும் எவனும் நம்பாத கதையொன்றை இன்று முதல் எழுதப்போகிறேன். நான் பெயிண்ட் அடித்த லாரிகளை வரிசையாக நிறுத்தினால் காஷ்மீர் போய்த் திரும்பும். அப்பேர்ப்பட்டவனிடம் அக்கா மகள் கிருத்திகா கேட்டிருப்பது ஆறடித் துணியில் ஒரு படம். அரசுக் குடியிருப்பில் அவளுக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலிக்காரிக்கு! பதினைந்தாம் தேதிக்குள் ஏற்காவிட்டால் ரத்து. பதிமூன்றாம் தேதி அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம். அங்கே பிடிக்கத்தான் படம்.

பிப்ரவரி 5
அக்கா சாப்பிடவில்லை. “ரத்தாகட்டும்டா. எங்கூடவே கெடந்துட்டுப் போறா.”
கிருத்திகாவுக்குக் கேட்டுவிட்டது. “கெடக்கறதுக்கு நான் என்ன மூட்டையாம்மா?”

பிப்ரவரி 8
படம் முடிந்தது. நாற்காலியில் ஒரு பெண், சுற்றிலும் தாமரை, தலைக்குப் பின்னே சூரியன். எங்களூர்க் கோயிலின் பதினெட்டடி ஆஞ்சநேயரே குனிந்து பார்த்திருப்பார். கிருத்திகா படத்தில் ஓரிடத்தை விரலால் தொட்டாள்.
“பின்னாடி யாருங்க மாமா தள்றது?”
நாற்காலியின் பிடியில் ஓர் ஆம்பளைக் கை. அதில் என் மோதிரம். எப்போது வரைந்தேன்? நாற்காலி என்றால் தள்ள ஆள் வேண்டும் என்று கையே முடிவு கட்டிவிட்டதா—
“சூரியனையும் அழிச்சிருங்க. என்னையச் சாமியாக்குனா கும்புட்டுட்டுப் போயிருவாங்க. எனக்கு வேண்டியது கீழ்த்தளத்துல ஒரு ஊடுங்க.”

பிப்ரவரி 10
அழித்தேன். அவள் கைகளைச் சக்கரத்தில் வைத்தேன். மடியில் ஒரு சாவி. எனக்குக் கோபம்தான். இருபது வருசமாத் தள்ளுனவன் நானில்லையா?

பிப்ரவரி 13
பத்தாயிரம் பேர் திரண்டோம். சரி, பதினொரு பேர். அதிகாரி இறங்கி வந்தார். கிருத்திகாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.
“நீங்கதான கூட வந்தவரு? பாப்பாவுக்கு என்ன வேணுமாம்?”
வாயைத் திறந்துவிட்டேன். மூன்று மணி நேரச் சொற்பொழிவு நாக்கு நுனியில் நின்றது. அவள் படத்தைக் காட்டினாள்.
“சார், இதுல எம்பின்னாடி யாராச்சும் நிக்கறாங்களா? எங்கிட்டப் பேசுங்க.”
வாயை மூடிக்கொண்டேன். மூன்றடி தள்ளி நின்றேன். கீழ்த்தளத்தில் வீடு பார்த்துப் பதினைந்துக்குள் போன் செய்வதாக அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 15
மாலை ஐந்து. இன்னும் போன் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
கடைசியில் கிடைத்துவிட்டது. கீழ்த்தளம், கதவு எண் நான்கு. அவள் குடிபோன அன்று எண்பது லாரிகள் ஊர்வலமாக வந்து ஹாரன் அடித்தன என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று தூக்குப்போசியில் கறிக்குழம்போடு போய்க் கதவைத் தட்டினேன்.
“யாருங்க?”
“மாமன்தான் சாமி.”
“வேலையா இருக்கறனுங்க மாமா. சாயங்காலமா வாங்க.”
லாரிகள் புளுகு. பத்தாயிரம் பேர் புளுகு. அவள் கதவைத் திறக்காததும், குழம்போடு நான் வெயிலில் திரும்பி வந்ததும் மட்டும் நிஜம்.